சிஆர்இசட்டுக்கு அலோயும் ஷொக்கும்: மூண்டரை லட்சத்துக்குள்ள என்ன செய்யலாம்? (திருகோணமலை)

உப்புவெளி கூபே:

வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட 2011 ஹொண்டா சிஆர்இசட் ஒண்டு நிக்கு, இசட்எஃப்1 எண்ட மொடல், ஆறு கியர் மனுவல். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில நிண்டு 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்தாலும் இப்ப போற விலையில இன்னொரு கூபே எடுக்கிறது எனக்குச் சரிவராது, அதால இதையே நல்லா வச்சு இன்னும் கனகாலம் ஓடுவம் எண்டு முடிவெடுத்திட்டன்.

இப்ப பிரச்சினை ரெண்டு. ஷொக் நாலும் ஜப்பான்ல இருந்து வரேக்க இருந்த அதே ஷொக், கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் கொஞ்சம் வேகமாப் போகேக்க ரோட்டு அலைஞ்சு கிடக்கிற இடத்தில பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது, ஒருக்கா ஏறி இறங்கினா அடங்க நேரம் எடுக்குது. மற்றது ரிம். வீடு கடற்கரையில இருந்து கூப்பிடு தூரம், உப்புக்காத்தில பெயின்ட் எல்லாம் பொக்களிச்சுப் போச்சு, ரெண்டு ரிம்மில காத்து மெல்ல மெல்ல இறங்குது, கிழமைக்கு ஒருக்கா அடிக்க வேண்டிக் கிடக்கு.

என்ட கணக்கு மூண்டரை லட்சம், டயரும் சேத்து. கொழும்பில ஒரு கடையில பேர் தெரியாத புது 18 இஞ்சி அலோய் ரிம் செட் ஒண்டும், அதோட பேர் தெரியாத கொயிலோவர் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேந்தது, உயரம் மாத்தலாம்) செட் ஒண்டும் சேத்து விலை சொன்னாங்கள், டயரோட கிட்டத்தட்ட என்ட கணக்குக்குள்ள வருது. காரை 40 மில்லிமீட்டர் இறக்கினா வடிவா இருக்கும் எண்டு எனக்கு ஆசை தான். ஆனா தினமும் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போற காரும் இது தான், அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போறதும் இதில தான், அவக்கு முதுகு நோ. ஓடிப் பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ, இந்தக் காசை எப்பிடிப் பிரிக்கலாம்?


டொக்யாட் ரோட் பழசு:

தம்பி, முதல் காசை ஷொக்கில வையுங்கோ, ரிம் பிறகு. நான் கராஜில வேலை செய்த ஆள், இதில எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

பதினாலு வருசம் தாண்டின ஷொக் எண்டா வெளியால எண்ணெய் கசியாட்டியும் உள்ளுக்க வால்வு தேஞ்சு எண்ணெய் தன்ட குணத்தை இழந்திருக்கும். ஷொக்கின்ட வேலை உங்களுக்குச் சொகுசு தாறது மட்டும் இல்ல, டயரை ரோட்டில அமத்திப் பிடிக்கிறது தான் அதின்ட பெரிய வேலை. கந்தளாய் ரோட்டில மாடு குறுக்க வந்து நீங்க பிரேக்கை மிதிக்கேக்க டயர் துள்ளிக்கொண்டு இருந்தா ஏபிஎஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் கார் நிக்க தூரம் கூட எடுக்கும். பின்பக்கம் தூக்கிப் போடுது எண்டு நீங்க சொன்னது அந்தக் குணம் தான்.

உங்கட காருக்கு முன்னுக்கு மக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டாப் பூட்டினது), பின்னுக்கு டோர்ஷன் பீம் (ரெண்டு சில்லையும் இணைக்கிற ஒரே பீம்). பின்னுக்கு ஸ்பிரிங் வேற ஷொக் வேற, ஷொக்கை மட்டும் கழட்டி மாத்திறது லேசு, கூலியும் குறையும். முன்னுக்கு ஸ்பிரிங்கை அமத்திப் பிடிச்சுத் தான் கழட்டோணும், அதுக்குச் சரியான கம்பிரசர் இல்லாத இடத்தில செய்ய விடாதேங்கோ, ஆபத்தான வேலை. முன்னுக்குக் கழட்டின கையோட மேல் மவுன்ட், அதில இருக்கிற பெயரிங், பம்ப் ஸ்டொப்பர் (ஷொக் முழுசா அமரேக்க இடி தாங்கிற கட்டை), தூசிக் கவர் எல்லாம் புதுசு போடுங்கோ, பிறகு தனியாச் செய்தா ரெண்டாம் கூலி. லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் மூண்டையும் அப்பவே ஆட்டிப் பாக்கோணும். புது ஷொக் போட்டும் கடகட சத்தம் போகல்ல எண்டு வாற ஆக்களில கனபேருக்கு லிங்க் தான் போயிருக்கும்.

ஒரு விசயம் கவனமாக் கேளுங்கோ. புஷ் மாத்தினாலும் சரி லோவர் ஆம்மைக் கழட்டிப் பூட்டினாலும் சரி, அந்த போல்ட்டுகளை கார் ஜக்கில தொங்கிக்கொண்டு இருக்கேக்க முழுசா இறுக்கக் கூடாது. சில்லு நிலத்தில நிண்டு காரின்ட பாரம் இறங்கின நிலையில தான் கடைசி இறுக்கு. தொங்கேக்க இறுக்கினா ரப்பர் முறுகின படியே நிண்டு, ஓட ஓட சீக்கிரம் கிழியும். பக்கத்தில நிண்டு பாருங்கோ, தப்பில்ல.

இனி எந்த ஷொக். கேவைபி போல ஒரிஜினல் தரத்தில வாறது ஒண்டு எடுத்து, ஸ்டொக் (காரோட வந்த) ஸ்பிரிங்கையே விட்டா அம்மாவின்ட முதுகுக்கும் நல்லம், உங்கட காசுக்கும் நல்லம். கட்டாயம் இறக்கோணும் எண்டா 20, 25 மில்லிமீட்டருக்கு மேல போகாதேங்கோ, அதுவும் டெயின், ஐபாக் மாதிரி ஆக்கள் இந்தக் காருக்கு எண்டே செய்த ஸ்பிரிங். ஸ்பிரிங் வெட்டுற கதை வந்தா எழும்பி வாங்கோ. வெட்டினா ஸ்பிரிங் கட்டையாகிறதோட இறுக்கமும் கூடும், வெட்டின முனை இருக்கையில ஒழுங்கா இருக்காது, ஷொக்கோ பழைய நீளத்துக்குச் செய்தது, ஒவ்வொரு பள்ளத்திலயும் பம்ப் ஸ்டொப்பரில போய் இடிக்கும். பின்னுக்கு ஹொண்டா ஃபிட்டின்ட ஸ்பிரிங் போடலாம் எண்டும் சொல்லுவாங்கள், கேக்காதேங்கோ, இதில ஹைபிரிட் பட்டறி டிக்கியின்ட தரைக்குக் கீழ கிடக்கு, பின் ஸ்பிரிங் அந்தப் பாரத்துக்குத் தான் கணக்குப் பண்ணினது.

40 மில்லிமீட்டர் பற்றி ஒண்டு. மக்ஃபர்சனில அவ்வளவு இறக்கினா லோவர் ஆம் மட்டம் தாண்டி மேல பார்க்கத் தொடங்கும். அப்ப வளைவில கார் சாயேக்க கம்பர் (சில்லின்ட சாய்வு) உங்களுக்கு உதவியா வராம எதிரா வரும், ரோல் சென்ரர் (கார் சாயிற மையம்) கார் இறங்கினதை விடக் கூட இறங்கும். பார்க்க ரேஸ் கார், வளைவில ஸ்டொக்கை விட மோசம். வடிவுக்காகச் செய்யிறதை நான் பிழை எண்டு சொல்லல்ல, ஆனா ஓட்டம் நல்லா வரும் எண்டு நினைச்சுச் செய்யாதேங்கோ.


கிண்ணியா செலிகா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஷொக் விசயம் அண்ணன் சொல்லிட்டார், நான் ரிம்மப் பத்தி மட்டும் சொல்றன். இங்க கனபேர் பிசிடி (நட் ஓட்டைகளின்ட எண்ணிக்கையும் வட்டத்தின்ட விட்டமும்) ஒண்டு எண்டா பூட்டலாம் எண்டு நினைக்கிறாங்க, அது பாதி உண்மை தான்.

உங்கட காருக்கு பிசிடி 5 × 114.3, நடு ஓட்டை 64.1, நட் 12 × 1.5. இது வரைக்கும் ஹொண்டா வெசல், சிவிக் எஃப்டி எல்லாம் ஒண்டு தான். வித்தியாசம் வாறது அகலத்திலயும் ஒஃப்செட்டிலயும் (ரிம்மின்ட நடுக்கோட்டில இருந்து ஹப்பில பூட்டுற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இரிக்கு எண்டது). கழட்டி ரிம்மின்ட பின்பக்கம் பாருங்க, அச்சடிச்சிருக்கும். உதாரணத்துக்கு ஸ்டொக் 6 ஜே (அகலம் 6 இஞ்சி), ஒஃப்செட் 53 எண்டு வைங்க. ஒரு இஞ்சி 25.4 மில்லிமீட்டர். பாதி அகலத்தோட ஒஃப்செட்டைக் கூட்டினா ரிம் உள்ளுக்கு ஷொக் பக்கம் எவ்வளவு போகுது எண்டு வரும், பாதி அகலத்தில இருந்து ஒஃப்செட்டைக் கழிச்சா வெளியால எவ்வளவு வருது எண்டு வரும். 6 ஜே 53க்கு உள்ளுக்கு 129, வெளியால 23.

இப்ப ஒருத்தர் வெசலில கழட்டின 17 இஞ்சி ரிம் மலிவுக்குத் தாறார் எண்டு வைங்க, அது 7.5 ஜே, 55. உள்ளுக்கு 150 வரும். அதாவது ஷொக் பக்கம் 21 மில்லிமீட்டர் கிட்டப் போகுது, அதுக்கு மேல அகல டயரும் போட்டா ஸ்ட்ரட்டில முட்ட நல்ல வாய்ப்பு இரிக்கு. நட் எல்லாம் அழகா ஏறும், ஆனா ரிம் அந்தக் காருக்கு உரியது இல்ல. அதே நேரம் எஃப்டி சிவிக்கின்ட 16 இஞ்சி, 6.5 ஜே 45 எண்டா உள்ளுக்கு 128 தான், ஷொக்குக்கு ஒண்டும் ஆகாது, வெளியால 14 மில்லிமீட்டர் கூட வந்து ஃபென்டருக்குக் கிட்ட நிரப்பமா நிக்கும். ஹொண்டா நட்டும் அப்பிடியே பாவிக்கலாம். 17 தான் வேணும் எண்டா 7 ஜே, 45க்கும் 50க்கும் இடையில தேடுங்க. 48 எண்டு வந்தா ஸ்டொக்கை விட உள்ளுக்கு 8 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட கூட, வெளியால 18 கூட, அளவா இரிக்கும்.

டயர் விட்டம் பாருங்க. ஸ்டொக் 195/55 ஆர்16 (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில 55 வீதம், ரிம் 16 இஞ்சி), முழு விட்டம் 621 மில்லிமீட்டர், பக்கச் சுவர் 107. 17ல 205/45 போட்டா விட்டம் 616, சுவர் 92. கடைக்காரர் சொல்ற 18ல 215/40 எண்டா விட்டம் 629, ஸ்பீடோவுக்குப் பெரிசா பிரச்சினை இல்ல, ஆனா சுவர் 86 தான். அந்த 21 மில்லிமீட்டர் ரப்பர் தான் மாரிக்குப் பிறகு வாற குழியில ரிம்மக் காப்பாத்துறது. மூதூர்ப் பக்கம், புல்மோட்டைப் பக்கம் எல்லாம் மழை விட்ட பிறகு ஓடிப் பாருங்க, இரவில குழி தெரியவும் மாட்டுது.

மலிவான வார்ப்பு ரிம் 18 எண்டா பாரமும் கூட. சில்லின்ட பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற பாரம், அதை ஷொக் தான் அடக்கணும், பிரேக் தான் நிப்பாட்டணும், எஞ்சின் தான் சுத்தணும். உங்களுக்கு இரிக்கிறது 1.5 லீட்டர் எஞ்சின், பெட்றோல் சிக்கனமும் அதில தான் போகும். கடைக்குப் போகேக்க ஒரு தராசு கேளுங்க, ஸ்டொக் ரிம் ஒண்டையும் கொண்டு போய் ரெண்டையும் நிறுத்துப் பாருங்க. வெக்கப்பட ஒண்டும் இல்ல, உங்கட காசு.

பாவிச்ச ஜப்பான் ரிம் எடுக்க பஞ்சிகாவத்தைக்குப் போனா டயர் இல்லாத ரிம்மாப் பாருங்க. உள் விளிம்பில நெளிவு, ஒட்டின தடம், ஸ்போக் அடியில மயிரளவு வெடிப்பு, இது மூணும் தான் பாக்க வேண்டியது. காசு குடுக்க முந்தி பலன்சிங் மெசின்ல சுத்தச் சொல்லுங்க, ஓரம் ஆடுதா எண்டு கண்ணாலயே தெரியும். ஜேடபிள்யூஎல், விஐஏ எண்ட ஜப்பான் தர முத்திரை இரிக்கா பாருங்க. வெளிச்சந்தை ரிம் கனக்க 73.1 ஓட்டையோட வரும், அதுக்கு 64.1 வளையம் போடணும், இல்லாட்டி ஸ்டியரிங் நடுங்கும். ஹொண்டா ஒரிஜினல் நட்டின்ட அடி உருண்டை, வெளி ரிம்முக்கு கூம்பு நட் வேணும். மாத்திப் பூட்டினா இறுக்கின மாதிரி இரிக்கும், ஓடேக்க தளரும்.


அலஸ்தோட்டம் டிரிஃப்ட்:

மச்சான் எல்லாரும் கொயிலோவரை ஒரேயடியா வேண்டாம் எண்டு சொல்லுறாங்கள், நான் அதுக்கு உடன்படல்ல. பேர் இல்லாத சாமான் வேண்டாம் தான், ஆனா டெயின் ஃபிளெக்ஸ் இசட், பிசி ரேசிங் பிஆர் மாதிரி ஒண்டு வேற கதை. ஃபிளெக்ஸ் இசட்டில 16 நிலை டம்பிங் (ஷொக்கின்ட இறுக்கம்) இருக்கு, கீழ் பிராக்கெட்டைச் சுத்தி உயரத்தை மாத்தலாம், ஸ்பிரிங்கை முன்கூட்டி அமத்தத் தேவையில்ல, அதால உயரம் மாத்தினாலும் ஓட்டம் கெடாது. மாரி காலத்துக்கு 15 மில்லிமீட்டர் மட்டும் இறக்கி வச்சு, வெயில் காலத்தில இன்னும் கொஞ்சம் இறக்கலாம். அம்மா ஏறுற நாளில டம்பிங்கை மெதுவாக்கி விடலாம். ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டுக்கொண்டு பொருத்தி வந்த செட், தனித்தனியா வாங்கிற தலையிடி இல்ல.

காசு தான் விசயம். அது வாங்கினா உன்ட கணக்கில பெரும்பகுதி போயிடும், ரிம்மை அடுத்த வருசம் பாக்கலாம். நான் எண்டா அப்பிடித் தான் செய்வன். கூபே எண்டா கொஞ்சம் பதிஞ்சு நிக்கிறதில ஒரு சந்தோசம் இருக்கு, அதையும் காசு குடுத்து வாங்கலாம் தானே, தப்பா?


டொக்யாட் ரோட் பழசு:

தப்பில்ல தம்பி. நீங்க சொன்ன செட்டுகள் நல்ல சாமான், இசட்எஃப்1க்கு உரிய கோட் பார்த்து எடுத்தா நான் மறுப்புச் சொல்ல மாட்டன். ஆனா இவர் உப்புவெளியில கடற்கரையோட இருக்கிறார். கொயிலோவரின்ட மரை உப்புக்காத்தில பிடிச்சா பிறகு உயரம் மாத்திறது பேச்சில மட்டும் தான். போட்டா மரைக்கு பிடியாத கிறீஸ் பூசி, துணிக்கவர் போட்டு, மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியில கழுவி, ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வளையத்தைத் தளர்த்தி இறுக்கோணும். அந்தப் பொறுமை இருக்கிற ஆளுக்குத் தான் அது. ஃபிளெக்ஸ் இசட் மூடின அமைப்பு, பழுதானா திறந்து திருத்திறது இல்ல, அந்தப் பக்கத்து ஷொக்கை முழுசா மாத்திறது தான், அதையும் கணக்கில எடுங்கோ.


ஓர்ஸ்ஹில் அக்கா:

நானும் கூபே ஓடுறனான், என்ட டயர் அனுபவம் ரெண்டு சொல்லுறன். ரிம், ஷொக் எல்லாம் பேசினீங்கள், ரோட்டில தொடுறது டயர் மட்டும் தானே. ரிம்முக்குக் காசைக் கொட்டிட்டு கடைசியில மிஞ்சினதுக்கு பாவிச்ச டயர் போடுற பழக்கம் எனக்குப் பார்க்கவே மனம் பொறுக்கிறதில்ல. மார்கழி மழையில இன்னர் ஹாபர் ரோட்டில தண்ணி நிக்கேக்க அந்தப் பழைய ரப்பர் கல்லு மாதிரி இருக்கும், டயரில வரி இருக்கிறதப் பார்த்து ஏமாறாதேங்கோ தம்பி. பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு கிழமை, பிந்தின ரெண்டு வருசம், 1824 எண்டா 2024ம் ஆண்டு பதினெட்டாம் கிழமை. புதுசு எண்டு விக்கிறதிலயும் அதைப் பாருங்கோ.

லோட் இன்டெக்ஸும் (டயர் தாங்கிற பாரத்தின்ட குறியீடு) பாருங்கோ. உங்கட 195/55 ஆர்16க்கு 87 எண்டு இருக்கும், ஒரு டயருக்கு 545 கிலோ. 205/45 ஆர்17ல 84ம் கிடக்கு, 88ம் கிடக்கு. 84 எண்டா 500 கிலோ தான், 88 எண்டா 560. 17க்குப் போனா 88 போட்டதையே கேட்டு வாங்குங்கோ.

இன்னொண்டு, இன்சூரன்ஸுக்கு எழுத்தில அறிவியுங்கோ. ரிம் அளவு, இறக்கின ஸ்பிரிங் எல்லாம் மாற்றம் தான், விபத்து நடந்த பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கேக்கிறதை விட முந்தியே பொலிசியில ஏறினா நிம்மதி. 2025 ஜனவரியில பொலிஸ் பஸ், ஓட்டோவில இருந்த மேலதிக சோடிப்புகளைக் கழட்டத் தொடங்கினது ஞாபகம் இருக்கும், அந்த நேரத்தில இருந்து வீதியில நிப்பாட்டிக் கேக்கிறதும் கூட. சில்லு ஃபென்டருக்கு வெளியால தள்ளி நிண்டா நீங்களே போய்க் கேள்வியை வாங்கிற மாதிரி.

காத்து இறங்குற ரிம் ரெண்டையும் எறிய முந்தி டயரைக் கழட்டி, டயர் உட்காருற விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கோ. உப்பில அந்த இடம் தான் வெள்ளையாப் பூத்து காத்துப் போகும். அதைக் கம்பித் தூரிகையால சுத்தம் செய்து, சீலர் பூசி, புது வால்வு போட்டா கனக்க நேரம் சரிவரும். வெடிப்பு இல்லாட்டி அந்த ரிம்மில பிழையே இல்ல, பெயின்ட் வேலை தான்.


உப்புவெளி கூபே:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி, இவ்வளவு விளக்கமா வரும் எண்டு நினைக்கல்ல. அக்கா சொன்னதைக் கேட்டு இண்டைக்கே ரெண்டு டயரையும் கழட்டிப் பார்த்தம். நீங்க சொன்ன மாதிரியே விளிம்பு முழுக்க வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. ஒண்டு சுத்தம் செய்து நல்லா வந்திட்டு. மற்றதில ஸ்போக் அடியில மெல்லிய கோடு ஒண்டு தெரியுது, கடைக்காரப் பெடியன் அது வெடிப்புத் தான் எண்டு சொல்லி ஸ்பேர் சில்லைப் போட்டு விட்டவர்.

அப்ப என்ட முடிவு இது தான். 18ம் அந்த கொயிலோவரும் இல்ல. ஷொக் நாலும் கேவைபி, மவுன்ட், ஸ்டொப்பர், லிங்க் எல்லாம் புதுசு, ஸ்டொக் ஸ்பிரிங். எஃப்டி சிவிக் ரிம் 16 ஒரு செட் தேடுறன், கிண்ணியா நானா சொன்ன கணக்கை எழுதி வச்சிருக்கிறன், 6.5 ஜே 45 எண்டு அச்சு இருந்தா மட்டும் தான் எடுப்பன். டயர் நாலும் புதுசு, 195/55 ஆர்16, 87. மிஞ்சினா பிறகு ஸ்பிரிங் பற்றி யோசிக்கிறன், மச்சான் கோவிக்காத.

ஒண்டு மட்டும் கேக்கோணும். வேலை முடிஞ்ச பிறகு அலைமன்ட் (சில்லுகளின்ட கோணம் பார்க்கிறது) எடுக்கேக்க பின்பக்கம் செய்ய ஏலாது எண்டு டவுனில ஒரு இடத்தில சொன்னாங்கள், அப்ப முன்பக்கம் மட்டும் போதுமா?


அலஸ்தோட்டம் டிரிஃப்ட்:

கோவம் ஒண்டும் இல்ல மச்சான், நல்ல முடிவு. எஃப்டி ரிம்மை கிறே நிறத்தில அடி, வெள்ளைக் காருக்கு நல்லா எடுக்கும்.


டொக்யாட் ரோட் பழசு:

டோர்ஷன் பீமில பின்பக்கம் திருப்பி மாத்த போல்ட் இல்ல, அது உண்மை. ஆனா அளக்கலாம், கட்டாயம் அளக்கோணும். நாலு சில்லிலயும் சென்சர் பூட்டுற இடத்துக்குப் போங்கோ. பின் டோ (மேல இருந்து பார்க்கேக்க சில்லு உள்ளுக்கோ வெளியாலயோ திரும்பி நிக்கிற அளவு) ரெண்டு பக்கமும் சமனா இல்லாட்டி கார் நேராப் போகேக்க ஸ்டியரிங் கோணலா நிக்கும், முன்பக்கத்தை மட்டும் திருத்தி அதை மறைச்சு விடுவாங்கள், டயர் ஒரு பக்கம் தேயும். அளவு நல்லா விலகி இருந்தா எப்பவோ பின் சில்லு எங்கயோ அடிபட்டிருக்கு எண்டு அர்த்தம், பீமையும் அதின்ட புஷ்ஷையும் பார்க்கோணும். கொஞ்சம் எண்டா ஹப்புக்குப் பின்னால மெல்லிய ஷிம் வச்சுச் சரிக்கட்டலாம்.

டயர் எல்லாம் புதுசு போட்டு, காத்து கதவடியில ஒட்டியிருக்கிற அளவுக்கு அடிச்சு, டிக்கியில சாமான் ஒண்டும் இல்லாமக் கொண்டு போங்கோ. நட்டுக்கு 108 நியூட்டன் மீட்டர், டோர்க் ரெஞ்சால, குறுக்குமறுக்கா. மரையில எண்ணெய், கிறீஸ் ஒண்டும் பூசாதேங்கோ, இறுக்கக் கணக்குப் பிழைச்சுப் போகும், ஹப்பின்ட நடு விளிம்பில மட்டும் மெல்லிசாப் பூசினா உப்பில ரிம் ஒட்டிப் பிடியாது. ஒரு 100 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்ப ரெஞ்ச் வச்சுப் பாருங்கோ. அலைமன்ட் பேப்பர் கையில கிடைச்சா படம் எடுத்து இதில போடுங்கோ, பின் டோ எண்ணைப் பார்த்துச் சொல்லுறன்.